ஏழாவது ஆளும் ஆக்லாந்தில் மூன்று வாரமும்

என் தங்கை மலருக்குப் பித்தப்பையை எடுக்க இரண்டு மாதம் முன்பே நாள் குறித்துவிட்டார்கள். அதன் பிறகு சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, அடுப்படியில் வெகுநேரம் நிற்கக் கூடாது. "நீ பக்கத்துல இருந்தா போதும்க்கா" என்று போனில் சொன்னாள். கல்யாணமாகி நியூசிலாந்து போன பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். நான் திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர். படிப்பு பத்தாவது. மதுரை, பழனி, இரண்டு முறை சென்னை, அவ்வளவுதான் நான் பார்த்த ஊர்கள். கூட்டத்தில் வாய் திறக்க வராது. பஸ்ஸில் என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால்கூட எழுந்திருங்கள் என்று கேட்க மாட்டேன். அப்படிப்பட்டவள் 2016 ஆகஸ்டில் ஆக்லாந்துக்குப் புறப்பட்டேன்.

விமான நிலையத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். உணவு கொண்டு வந்திருக்கிறீர்களா, விதை, பூ, இலை ஏதாவது உண்டா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டுவிடு, பொய் சொன்னால்தான் தொல்லை என்று மலர் சொல்லியிருந்தாள். நானும் பரீட்சை எழுதுவது போல எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறந்து பருப்புப் பொடி, சுண்டவற்றல், நாரத்தங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். காய்ந்த வேப்பம்பூவை மட்டும் தனியே எடுத்து, "இது எங்கள் நாட்டுக்குள் வர முடியாது, மன்னிக்க வேண்டும்" என்று ஏதோ அவரே தப்புச் செய்துவிட்டது போலச் சொன்னார். நம் ஊரில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் எதையும் பறித்ததில்லை.

மலரின் கணவர் சேகர் மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். ஷிப்ட் முடித்து மஞ்சள் மேல்சட்டையோடு அப்படியே வந்திருந்தார். "குளிருதா மதினி?" என்று கேட்டார். இல்லை என்றேன். பல் கிடுகிடுத்தது.

வீடு மவுண்ட் ஆல்பர்ட்டில். பழைய மரவீடு. நடந்தால் தரை முனகியது. வெளியில் இருக்கும் குளிர் அப்படியே உள்ளேயும் இருந்தது. செருப்பில்லாமல் வீட்டுக்குள் நடந்தே பழகிய எனக்கு இரண்டு ஜோடி காலுறை போட வேண்டியிருந்தது. மலரை எப்படிக் கட்டிக்கொள்வது, வயிற்றில் தையல் இருக்குமே என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் சோபாவில் சாய்ந்தபடி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். அதை ஊட்டாத குறையாகப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கோ அக்கா, களைச்சுப் போனியளோ? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று எழுந்தாள்.

என் தங்கை வீட்டில் என்னை வரவேற்றது அவள்தான். பெயர் தர்ஷினி. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி. பத்தொன்பது வயதில் ஒரு பையோடு வந்தவள், இங்கேயே மறுபடி படித்து, இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஆபரேஷன் அன்று மலரோடு ஆஸ்பத்திரியில் இருந்ததும் அவள்தான். நான் வந்து சேர்ந்தது நாலாம் நாள். எந்த டப்பாவில் சீனி, எந்த அலமாரியில் இஞ்சி என்று பார்க்காமலே கையை நீட்டி எடுத்தாள். தேநீர் நன்றாகத்தான் இருந்தது. பாதியை வைத்துவிட்டேன்.

மறுநாள் ரசம் வைத்தேன். மிளகு தட்டி, பூண்டு நசுக்கி, ஊரிலிருந்து கொண்டு போன பெருங்காயம் போட்டு. கறிவேப்பிலை வாங்க இரண்டு தெரு தள்ளி இந்தியக் கடைக்கு சேகர் கூட்டிப் போனார். நம் ஊரில் காய்கறிக்காரர் கேட்காமலே பையில் போடும் கறிவேப்பிலை அங்கே பிளாஸ்டிக் உறையில், குளிர்பெட்டியில், விலைச்சீட்டோடு இருந்தது. மலர் இரண்டு வாய் குடித்தாள். "காரம் வயித்துக்கு ஒத்துக்காதுக்கா, நாளைக்கு." சாயங்காலம் தர்ஷினி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள். மூன்று இடியப்பம் உள்ளே போயிற்று. தேங்காய்ப்பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்போல.

நான் இதையெல்லாம் சின்ன விஷயம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அவர்கள் இருவரும் பேசிச் சிரிப்பதில் பாதி எனக்குப் புரியாது. இங்கே நடந்த ஏதோ, யாரோ, எந்தக் கடையிலோ. நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். என் தங்கைக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

மலரின் மகள் ஆதிரைக்குப் பதினாறு வயது. 'பெரியம்மா' என்ற ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு மற்றதை ஆங்கிலத்தில் சொல்வாள். நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் உரையாடல் பெரும்பாலும் சாப்பாட்டைத் தாண்டாது. நான் வந்த ஐந்தாம் நாள் அவள் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் பேச்சுப் போட்டியாம். அதையே பிறகு கட்டுரையாக எழுதிக் கொடுத்தால் வரலாற்றுப் பாடத்துக்கு மதிப்பெண்ணாம். தலைப்பைப் பார்க்க எட்டிப் பார்த்தேன். படங்களிலேயே தெரிந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில், அப்போதுதான் பிறந்திருந்த நோஞ்சான் குடியரசில், ஒரு பீர்க்கடையின் பின்னறையில் தொடங்கிய கட்சி. அதன் பெயரையும், பின்னால் அதற்குத் தலைவனானவன் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் அச்சகத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நோட்டு நோட்டாக எழுதிய கையெழுத்துப் பிரதியோடு வந்தார். அந்தக் கட்சியின் ஆரம்ப வருடங்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம். அவர் கையெழுத்தைப் படிக்க என்னால் மட்டும்தான் முடிந்தது. முழுப் புத்தகத்தையும் நானே அடித்தேன். மூன்று தடவை மெய்ப்பு. அவர் திருத்துவார், நான் திருத்துவேன். அவர் நான்காவது தடவையும் திருத்துவார். ஒரு புத்தகத்தை அப்படிப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். எழுதியவரும் அடித்தவரும். இருநூறு பிரதி போட்டோம். பெரும்பாலானவை கட்டுப் பிரிக்காமல் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

ஆக அந்த மேசையில் இருந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். பத்தாவது படித்த எனக்கு, அந்த வீட்டில், அந்த நாட்டில், சோறு சமைப்பதைத் தவிரத் தெரிந்த ஒரே விஷயம். சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் தர்ஷினி உள்ளே வந்து ஆதிரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவள் சொல்லிக்கொடுத்த விதம் அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ரயில்வே பட்டறையில் பூட்டு வேலை செய்த ஒருவர் அந்தக் கட்சியைத் தொடங்கியதை, ராணுவம் ஓர் ஆளை வேவு பார்க்க அந்தக் கூட்டத்துக்கு அனுப்பியதை, பின்னால் தலைவனான அந்த வேவுக்காரன் எழுந்து பேசியதை, பேச்சைக் கேட்டவர்கள் வாயைப் பிளந்து அவனைக் கட்சியில் சேரச் சொன்னதை எல்லாம் தமிழும் ஆங்கிலமுமாகக் கதை போலச் சொன்னாள். ஆதிரை கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நான் சொன்னால் இப்படிக் கேட்பாளா என்று நினைத்தேன்.

"தொடக்கத்திலயே ஆக்களப் பிடிச்சு இருத்த வேணும் பிள்ளை" என்றாள் தர்ஷினி. "அவன்ர அட்டை நம்பர் ஏழு. ஏழே ஏழு பேர். ஏழு விரலைக் காட்டு. இந்த ஏழு பேர்தான் பிறகு உலகத்தை எரிச்சவை எண்டு சொல்லு."

ஆதிரை ஏழு விரலைக் காட்டினாள். இருவரும் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

அது தப்பு. ஏழு என்பது அவனே பின்னால் பெருமைக்காகச் சொல்லிக்கொண்டது. செயற்குழுவில் ஏழாவது ஆளாக இருந்திருக்கலாம். அட்டையில் இருந்த எண் ஐந்நூற்று ஐம்பத்தைந்து. ஆனால் ஐந்நூற்று ஐம்பத்தைந்து பேரும் இல்லை. கட்சி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பட்டியலையே ஐந்நூற்றொன்றிலிருந்து தொடங்கியிருந்தார்கள். பட்டியலில் அவன் ஐம்பத்தைந்தாவது ஆள். அதை அடித்த அன்று நான் கணினி முன்னால் தனியாகச் சிரித்தேன். ஏனென்றால் அச்சகத்தில் இருக்கும் யாருக்கும் அது புதிது இல்லை. யார் ரசீதுப் புத்தகமோ அட்டையோ அடிக்கக் கொடுத்தாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "நம்பர் எதுல இருந்து ஆரம்பிக்கணும்?" ஒன்றிலிருந்து என்று சொன்னவர் எவரும் இல்லை. ஒரு தடவை எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு கட்சி ஆரம்பித்து, உறுப்பினர் அட்டை அடிக்கக் கொடுத்தார்கள். ஐயாயிரத்தொன்றிலிருந்து. நம்பரிங் மெஷினில் சக்கரத்தைத் திருப்பி எண்ணை நிறுத்தியது நான்தான். மூன்றே மாதத்தில் அந்தக் கட்சியைக் காணோம். அது நிலைத்து வளர்ந்திருந்தால் நானும் சிரித்திருக்க மாட்டேன்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாததற்குக் காரணம் கூச்சம். இரண்டாம் நாளிலிருந்து கூச்சம் இல்லை. அந்த ஏழு அங்கேயே இருக்கட்டும் என்று விரும்பினேன். ஆதிரை குளியலறைக் கண்ணாடி முன் ஏழு விரலைக் காட்டிப் பழகுவது காதில் விழும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பல்லில் சிக்கியதை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போன்ற சந்தோஷம்.

சனிக்கிழமை எனக்குக் குளிருக்குப் போடும் கனமான ஜாக்கெட் வாங்கித் தர ஆதிரை ரயிலில் மனுகாவ் என்ற இடத்துக்குக் கூட்டிப் போனாள். ஊதா நிறத்தில் ஒன்று வாங்கினோம். பெரிய அங்காடி. அதற்குள் மழை, வெயில், குளிர் எதுவும் இல்லை. மதியம் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். மீனில் முள்ளும் இல்லை, மசாலாவும் இல்லை. குமரா என்று ஒன்று கொடுத்தார்கள். நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். ஆதிரை அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எங்கள் ஊரில் அதை மண்ணோடு வாங்கிப் பானையில் அவிப்போம் என்று சொன்னேன். கேட்டாள். முதல் தடவையாக அவளோடு தனியாக இருக்கிறேன் என்று தோன்றியது. ரயிலில் திரும்பும்போது சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ரயிலில் அவளே ஆரம்பித்தாள். பேச்சை எனக்கு முழுவதும் சொல்லிக் காட்டினாள். எண்களும் சில சொற்களும் புரிந்தன. முடித்துவிட்டு, தொடக்கம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, தர்ஷினி ஆன்ட்டி இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே வந்திருக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நல்லா இருக்கு" என்றேன்.

மவுண்ட் ஆல்பர்ட் வந்தது. ஆதிரை பையோடு முன்கதவுக்குப் போனாள். நான் கிட்டத்தில் இருந்த கதவின் முன் போய் நின்றேன். திறக்கும் என்று நின்றேன். அதில் ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால்தான் திறக்கும் என்பது எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே ஆதிரை நடைமேடையில் என்னைப் பார்த்துக் கையைக் காட்டுகிறாள். நானும் பதிலுக்குக் கையைக் காட்டினேன். ரயில் கிளம்பிவிட்டது.

பின்னால் இருந்த பெரிய உருவமுள்ள சமோவாக்காரப் பெண் ஒருவர், மடியில் கேக் பெட்டியோடு, "அன்பே, அந்தக் கதவு நீ தொடாமல் உன்னை விடாது" என்று சொன்னார். எனக்கு அவ்வளவும் புரிந்தது என்பதே ஆச்சரியம். அடுத்த நிலையமான அவண்டேலில் அவரே பொத்தானை அமுக்கி, தானும் இறங்கி, என்னைத் தேடி ஆள் வரும்வரை பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தார். தேவாலயத்தில் யாருக்கோ பிறந்தநாளாம், அவசரம் ஒன்றுமில்லையாம்.

ஆதிரை அடுத்த ரயிலில் வரவில்லை. காரில் வந்தாள். ஓட்டி வந்தது தர்ஷினி. அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடாமல் இந்தப் பெண் முதலில் யாரைக் கூப்பிட்டிருக்கிறாள் பாருங்கள்.

"நான் வந்த புதுசில பஸ்ஸில கயித்தை இழுத்து மணி அடிக்கத் தெரியாமக் கடைசித் தரிப்பு மட்டும் போனனான் அக்கா. ஒருநாள் இல்லை, ஒரு கிழமை" என்று சிரித்தாள் தர்ஷினி. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். வழி தவறிய கதையில்கூட அவள் கதை என் கதையைவிட நன்றாக இருந்தது.

போட்டி வியாழக்கிழமை பிற்பகல். மலர் வந்தே தீருவேன் என்று வயிற்றுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். பள்ளி மண்டபத்தில் பெற்றோர் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். நம் ஊரில் என்றால் மைக் செட், பொன்னாடை, தலைமையுரையே ஒரு மணி நேரம் ஓடும். இங்கே ஒருவர் வந்து கழிப்பறை எந்தப் பக்கம், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொன்னார். உடனே முதல் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆதிரை நாலாவது. தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மேடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் ஏழு விரலைத் தூக்கிக் காட்டினாள். மண்டபம் அமைதியானது. எனக்கு வலப்பக்கம் மலர், அவளுக்கு அந்தப் பக்கம் தர்ஷினி. இருவரும் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நான் அந்தப் பேச்சைக் கேட்டேன்.

நன்றாகப் பேசினாள். கைதட்டல் பலமாக இருந்தது. பிறகு நடுவர்கள் கேள்வி கேட்கும் நேரம். மூன்று பேரில் ஒருவர், கம்பளிச் சட்டை போட்ட வயதானவர், மிக மென்மையாக ஏதோ கேட்டார். 'செவன்' என்ற சொல் என் காதில் விழுந்தது. ஆதிரை புத்தகத்தில் இருந்தது என்றாள். எந்தப் புத்தகம் என்றார். அவள் எங்கள் வரிசையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தவரை, அவர் தாமே அந்த எண்ணைப் பற்றி இரண்டு வரியில் சொல்லி, அந்த ஆளே கிளப்பிவிட்ட கதை அது, அதில் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள் என்று சிரித்தார். அவர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் அவள் பேச்சு முழுவதும் அந்த ஏழின் மேல் அல்லவா நின்றது. காது சிவந்து இறங்கி வந்தாள்.

நான் இரண்டு வாரமாகக் காத்திருந்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

முதல் மூன்று பரிசில் எதிலும் அவள் பெயர் வரவில்லை. வெளியே தேநீரும், தேங்காய்த்துருவல் ஒட்டிய ரோஸ் நிறக் கேக்கும் வைத்திருந்தார்கள். ஆதிரை தொடவில்லை. தர்ஷினி நேரே அவளிடம் போனாள்.

"பிழை என்னில பிள்ளை. எங்கயோ வாசிச்ச ஞாபகத்தில சொல்லிப்போட்டன். சரி பாத்திருக்க வேணும், பாக்கேல்லை. உன்ர உழைப்பைக் கெடுத்துப்போட்டன். என்னை மன்னி."

ஒரு சாக்கு இல்லை, ஒரு 'ஆனால்' இல்லை. ஆதிரை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மலரும் கண்ணைத் துடைத்தாள். நான் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தப்புச் செய்வதைக்கூட இந்தப் பெண் என்னைவிட அழகாகச் செய்கிறாளே என்று எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அது வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"அது தப்புன்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்றேன்.

காரில் ஏறிய பிறகுதான் மலர் தலையணையை அணைத்தபடி கேட்டாள்.

"எப்படித் தெரியும்?"

சொன்னேன். புத்தகம், மெய்ப்பு, ஐந்நூற்றொன்று, நம்பரிங் மெஷின். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கார் ஓட்டிக்கொண்டிருந்த சேகர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். "சின்னப் புள்ளைக்கா அவ" என்றாள் மலர்.

வெள்ளிக்கிழமை ஆதிரை என் பக்கம் திரும்பவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமையும் அப்படியே. 'பெரியம்மா' என்ற அந்த ஒரு சொல்லும் நின்றுபோயிற்று. எனக்கு ஒன்று தெரியும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. இரண்டு வாரமாக நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

தர்ஷினி மட்டும் வழக்கம்போல வந்தாள். அந்த அச்சகக் கதையை விவரமாகக் கேட்டாள். சக்கரத்தை எப்படித் திருப்புவது என்றுகூடக் கேட்டாள். "உங்களுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கு, நான் வாயாடிக்கொண்டிருந்திருக்கிறன்" என்றாள். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. அவள் போன பிறகு அவள் குடித்த கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். சேகருக்கு ஷிப்ட். நான் சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆதிரை லேப்டாப்போடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கட்டுரையைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

"பெரியம்மா, வேற என்ன தப்பு இருக்கு?"

தமிழில்தான் கேட்டாள். யோசித்து, சொல் சொல்லாக எடுத்து வைத்தாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

அவள் வரி வரியாகப் படித்தாள். எனக்குப் புரியாத இடத்தில் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அதுவும் வராத இடத்தில் கையால் காட்டினாள். கலகம் செய்து தோற்றவனுக்கு ஐந்து வருடச் சிறை என்று எழுதியிருந்தாள். நிறுத்தச் சொன்னேன். "ஐந்து வருஷம்னு தீர்ப்பு. உள்ள இருந்தது ஒரு வருஷம்கூட இல்ல. கோர்ட்ல அவன் மணிக்கணக்கா பேசினான். ஜட்ஜ் பேச விட்டாரு." அழித்து அடித்தாள். அங்கிருந்து ஒரே தாவலாக அவன் ஆட்சிக்கு வந்ததற்குப் போயிருந்தாள். நடுவில் சில வருடங்கள் இருக்கின்றன என்றேன். ஒரு தேர்தலில் நூறு பேரில் மூன்று பேர்கூட அவர்களுக்கு ஓட்டுப் போடவில்லை. அவர்கள் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரும் அவர்களைக் கவனிக்காத அந்த வருடங்களில்தான் அவர்கள் ஊர் ஊராகக் கிளை வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. தாலுகா எழுத்தர் இந்த அத்தியாயத்தைத்தான் நாலு தடவை திருத்தினார்.

ஆதிரை வேகமாக அடித்தாள். பிறகு முதல் பத்திக்குப் போனாள். ஏழை எடுத்துவிட்டு ஐந்நூற்றொன்றை வைத்திருந்தாள்.

"அந்த நம்பர் பொய்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"பட்டியல் போட்டவங்களுக்குத் தெரியும். அட்டை எழுதிக் குடுத்தவனோ அடிச்சுக் குடுத்தவனோ, அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அவன் ஏன் சொல்லல?"

"அவன்கிட்ட யாரும் கேக்கல."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"நானும் உங்ககிட்ட கேக்கல" என்றாள்.

பீன்ஸ் நார் ஒன்று விரலில் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டேன்.

"நீ கேக்கணும்னு இல்லம்மா. நான் சொல்லிருக்கணும். தர்ஷினி சொன்னது தப்பாப் போகட்டும்னு இருந்தேன். உன்ன நினைக்கவே இல்ல."

"ஜெலஸா?"

"ஆமா."

"ஓகே" என்றாள். அடுத்த பத்தியைப் படிக்க ஆரம்பித்தாள்.

நாங்கள் கடைசிப் பக்கத்தில் இருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தே இருந்ததால் தர்ஷினி உள்ளே வந்தாள். கையில் மூடி போட்ட பாத்திரம். "என்ன, ரெண்டு பேருக்கும் பெரிய கதையாக் கிடக்கு" என்றாள். ஆதிரை தலை நிமிராமல் ஒரு கையை மட்டும் ஆட்டினாள். "பெரியம்மா, இது சரியா?" என்று திரையில் ஒரு வரியைக் காட்டினாள்.

தர்ஷினி பாத்திரத்தை எங்கே வைப்பது என்று பார்த்தபடி நின்றாள். மேசை முழுவதும் தாளும் பீன்ஸும். என் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. அதன் மேல் அந்த ஊதா ஜாக்கெட் கிடந்தது. அதை எடுத்தால் போதும்.

நான் ஆதிரை காட்டிய வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். சரி என்றேன். பிறகுதான் ஜாக்கெட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "உக்காருங்க தர்ஷினி" என்றேன்.